கிணற்றுக்குள் இறங்கும் புதுப்பெடியள் விடுகிற பிழைகள்

ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் தொழிலுக்குக் கிராக்கி. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விடும். மாரி தொடங்குவதற்குள் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளவேண்டும், இன்னும் இரண்டு முழம் ஆழப்படுத்தவேண்டும் என்று ஆட்கள் தேடி வருவார்கள். இந்த முறை புதுப்பெடியள் கனபேர் இறங்கியிருக்கிறார்கள். உடம்பில் பலமிருக்கிறது, சொன்னால் கேட்கிற குணமும் இருக்கிறது. ஆனால் போகிற வளவெல்லாம் எங்கள் காலத்துப் பிழைகளையே ஒன்றும் குறையாமல் செய்துகொண்டு நிற்கிறார்கள். ஹெல்மெற் போடு, நைந்த கயிற்றில் தொங்காதே, அலவாங்கைக் கையால் எறியாதே என்பதெல்லாம் வேலைக்குக் கூட்டிவந்தவரே சொல்லித் தந்திருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி வரும் பேச்சில் நிலக்கரிச் சுரங்கமும் இடைக்கிடை வரும். கிணறு வெட்டுகிறவன் ஏன் அதை இழுக்கிறான் என்று யாராவது கேட்பீர்கள். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே இல்லை. நுரைச்சோலை மின்நிலையத்தில் எரிகிற கரிகூடக் கப்பலில் வருவதுதான். நான் கட்டாரில் வேலை செய்தபோது தொட்டிகளுக்கும் குழிகளுக்கும் இறங்குமுன் ஒரு பயிற்சி எடுக்கவேண்டியிருந்தது. அதை நடத்தியவர் ஜார்க்கண்டில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்து வந்த மனிதர். அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் பக்கத்து ஏழாலைக் கிணறுகள்தான் கண்ணுக்குள் நின்றன. சுற்றிவரக் கல், வாய் ஒன்றே ஒன்று, கீழே நிற்கிற காற்றுக்கு வெளியே போக வழியில்லை. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்கிற காற்று எதுவோ அதுவேதான் இங்கேயும் கொல்கிறது.

தண்ணீர் இறைக்கிற மெசினைக் கிணற்றுக்குள் இறக்குவது

மற்றப் பிழைகளால் கை முறியும், கால் நசியும். இது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரைக் கொண்டுபோகிற பிழை. எத்தனையோ தரம் சொல்லியும் நிற்கவில்லை என்பதால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஏன் இறக்குகிறார்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. மேலே வைத்த மெசின் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது. வெளிக் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி அது 10.3 மீற்றருக்கு மேல் ஏறாது. நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடி, தாண்டினாலே மெசின் திணறும். மேட்டுப் பக்கத்துக் கிணறுகளில் கோடைத் தண்ணீர் அதற்கும் கீழே நிற்கும். உடனே என்ன செய்கிறார்கள்? பனை மரத்துண்டு இரண்டைக் கிணற்றுக்குள் குறுக்கே போட்டு, மண்ணெண்ணெய் மெசினை அதன்மேல் இருத்தி, கயிற்றை இழுத்து ஸ்ராட் பண்ணிவிட்டு ஏறி வருகிறார்கள். தண்ணீரும் நன்றாகத்தான் வருகிறது.

அந்த மெசினின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 10 இலட்சத்துக்கு 1200 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்ன மெசின் ஒன்றின் புகையில் நூற்றுக்குச் சில பங்கு அளவுக்கு இது இருக்கும். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் 10 இலட்சத்துக்கு 10,000. மூன்று நான்கு மணித்தியாலம் மெசின் ஓடிய கிணற்றுக்குள் என்ன நிற்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். புகைக்குழாயில் ஒரு பைப்பைச் செருகி மேலே விட்டிருக்கிறோம் என்பார்கள். செருகின இடத்தால் ஒழுகுகிற புகையே போதும். மெசின் நின்று அரை மணித்தியாலம் ஆகிவிட்டது என்பார்கள். காற்று அசையாத கிணற்றில் அரை மணித்தியாலத்தில் எதுவும் கலைந்து போகாது.

அடுத்தது லாம்பு. அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்பது எங்களுடைய அப்புமார் காலத்து வழக்கம். அது முழுப் பொய்யுமில்லை. சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம், அது 16 அளவுக்கு இறங்கினால் சுடர் அணைந்துவிடும். இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி 1815இல் செய்த கம்பிவலை விளக்கைச் சுரங்கத் தொழிலாளர் அதற்கும் பயன்படுத்தினார்கள். மெதேன் இருந்தால் சுடரின் மேல் நீலம் பூக்கும். அந்த மெதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை நின்றால்தான் வெடிக்கும் என்பதால் சுடரைப் பார்த்தே பின்வாங்குவார்கள். ஒட்சிசன் குறைந்தால் சுடர் மங்கும். ஆனால் காபனோரொட்சைட்டை அந்த விளக்கு காட்டாது. ஆளைக் கொல்லும் அளவுக்கு அது நிறைந்திருந்தாலும் லாம்பு வடிவாக எரிந்துகொண்டே இருக்கும். 1890களில் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற பிரித்தானிய உடலியலாளர் சுரங்க வெடிப்புகளில் செத்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, வெடியைவிட அதற்குப் பிறகு பரவிய இந்த வாயுவே கூடப் பேரைக் கொன்றிருக்கிறது என்று கண்டார். கூட்டுக்குள் கனேரிக் குருவியைக் கொண்டுபோங்கள் என்று சொன்னவரும் அவர்தான். மனிதனுக்கு முதல் குருவி தள்ளாடும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் குருவி இருந்தது. விளக்கு ஒன்றே போதுமென்றால் குருவியை ஏன் கொண்டுபோனார்கள்?

இனிச் சொல்லப்போவது ஏழாலைப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றில் நடந்தது. ஆழப்படுத்துகிற வேலையைப் பார்த்துப்போக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர, வேறு ஆட்கள் மெசினை உள்ளே வைத்து இறைத்து, அது நடுவில் நின்றுபோயிருந்தது. பெடியன் ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறிவிட்டான்.

"மெசின் நிண்டிட்டுது அண்ணை. ஒருக்கா இழுத்து ஸ்ராட் பண்ணிப்போட்டு வாறன்."

"இறங்காதை தம்பி. கொஞ்சம் பொறு."

"லாம்பு எரியுதெல்லோ! அங்கை பாருங்கோ."

எரிந்துகொண்டுதான் இருந்தது, கொஞ்சமும் மங்காமல். என்னிடம் இருந்த, காற்றிலுள்ள வாயுக்களை அளக்கிற வாயுமானியை நூலில் கட்டி, லாம்புக்குப் பக்கத்திலேயே இறக்கினேன். பாதி ஆழம் போகுமுன் கீழிருந்து கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. கிணற்றுச் சுவரில் பட்டு அந்தச் சத்தம் வளவு முழுக்கக் கேட்டது. தூக்கிப் பார்த்தால், பதிவாகியிருந்த ஆகக் குறைந்த ஒட்சிசன் 20.2 சதவீதம், அதைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். காபனோரொட்சைட்டு 10 இலட்சத்துக்கு 900 பங்குக்கு மேல். பெடியன் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுச் சத்தம்போடாமல் கட்டிலிருந்து இறங்கினான். தோட்டக்காரருக்குத்தான் எரிச்சல். "உந்தச் சாமானை நிப்பாட்டுங்கோ, நாலு மணிக்கிடையிலை இறைச்சு முடிக்கவேணும்" என்றார். நான் நிற்பாட்டவில்லை. நாலு மணிக்கு முடியவுமில்லை.

அவன் இறங்கியிருந்தால் அவனோடு முடிந்திருக்காது என்பதுதான் இதில் மோசமான பங்கு. ஒருவன் சரிவதைக் கண்டதும் தமையன் குதிப்பான், தமையனைத் தூக்க மாமன் குதிப்பான். அமெரிக்காவின் தொழிற் சுகாதார ஆய்வு நிறுவனம் 1986இல் விட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களும் இந்தப் பாடத்தை ஆட்களைக் குடுத்துத்தான் படித்தன. பிரான்சில் கூரியேர் சுரங்கத்தில் 1906இல் 1099 பேர் செத்தார்கள். பிரித்தானியா 1910இல் சுரங்க மீட்புக்கென்றே சட்டம் போட்டது. சுவாசக் கருவி பூட்டிய, பயிற்சி எடுத்த மீட்புக்காரர் தனியாக இருக்கவேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது. எங்களிடம் அந்தக் கருவி இல்லை. மூக்கில் கட்டுகிற ஈரச் சால்வை வாயுவை மறிக்காது.

ஆகவே ஆள் இறங்குமுன்பே கயிறு கட்டியிருக்கவேண்டும். இடுப்பில் முடிச்சுப் போடுவதல்ல. தோளையும் தொடையையும் சுற்றிவருகிற பட்டி. கயிறு கப்பியில் ஓடவேண்டும், மேலே இரண்டு பேர் அதைவிட்டு அசையாமல் நிற்கவேண்டும். நினைவிழந்த ஆளை வெறுங்கையால் 30 அடி இழுத்துப் பார்த்தவர்களுக்குக் கப்பியின் அருமை தெரியும். கீழே இருப்பவன் கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லவில்லையா, இழுங்கள். என்ன நடந்தது என்று பார்க்க எவரும் இறங்கக்கூடாது.

மெசினுக்கு மாற்று இல்லாமலில்லை. தண்ணீருக்குள் கிடந்து தள்ளுகிற கரண்ட் மோட்டார் இருக்கிறது. அதற்கு அந்த 7 மீற்றர் எல்லை இல்லை, ஏனென்றால் அது இழுப்பதில்லை. கரண்ட் இல்லாத தோட்டமென்றால் ஜெனரேற்றரைக் கொண்டுபோங்கள். ஆனால் அதுவும் புகை விடுகிற மெசின்தான். கிணற்று வாயில் வைக்காமல் காற்றுப் போகிற பக்கத்தில் தள்ளி வையுங்கள். காற்றை ஊதுகிற புளோவரின் குழாயை அடிவரைக்கும் விட்டு, ஆள் ஏறும் வரைக்கும் ஓடவிடுங்கள். பூவரசங்குழையைக் கட்டி மேலும் கீழும் ஆட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றும் செய்யாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான். வாயுமானிக்குக் காசு இல்லை என்பவர்கள் கிராமத்துக்கு ஒன்று என்று சேர்ந்து வாங்கலாம். கோயில் திருவிழாவுக்குச் சேர்க்கத் தெரிந்த எங்களுக்கு இதற்குச் சேர்க்கத் தெரியாதா?

கரண்ட் மோட்டார் ஓட ஆள் இறங்குவது

ட்ரிப் சுவிச்சை நம்பவேண்டாம். பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, கயிறு பிடிக்கிறவரின் காலடியில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று விசாரியாமல் வெட்டுவது

தன்பாத் பக்கத்தில் சஸ்நாலா என்று ஒரு நிலக்கரிச் சுரங்கம். 1975 டிசம்பர் 27இல், கைவிடப்பட்ட பழைய பகுதியில் தேங்கிக் கிடந்த வெள்ளம் சுவரை உடைத்துப் பாய்ந்து 370 பேருக்கு மேல் செத்தார்கள். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும்.

எங்கள் சுண்ணாம்புக்கல் பார்வைக்குத்தான் இறுக்கம். உள்ளே வெடிப்பும் பொந்துமாக ஓடுகிறது; அதனால்தான் ஆறில்லாத இந்த மண்ணில் கிணற்றை நம்பி வாழ்கிறோம். அதே வெடிப்பால் பக்கத்து வளவு மலகூடக் குழியும் உங்கள் கிணற்றுக்குள் வரும். அதிலிருந்து வருகிற ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு முதலில் கூழ்முட்டை மணக்கும். 10 இலட்சத்துக்கு 100 பங்கு அளவில் மூக்கு மரத்து மணமே தெரியாமல் போகும். மணம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று ஒருவன் சொன்னால், முதலில் அவனை மேலே ஏற்றுங்கள். தூர்ந்த பழைய கிணறு, மூடின குழி எங்கே இருக்கிறது என்று காணிக்காரரிடம் மட்டும் கேளாமல் அயலில் இருக்கிற வயதான ஒருவரிடமும் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து வந்து காணி வாங்கினவருக்கு ஒன்றும் தெரியாது.

காய்ந்த கல்லைக் கொம்பிறசரால் உடைப்பது

நிலக்கரித் தூசு நெஞ்சுக்குள் படிந்து சுவாசப்பை இறுகிப்போகிற நோய்க்கு மருந்து இல்லை. பத்து, பதினைந்து வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு படி ஏற முடியாது. அமெரிக்கா 2016இல் சுரங்கக் காற்றில் தூசின் எல்லையை ஒரு கனமீற்றருக்கு 2 மில்லிகிராமிலிருந்து 1.5 ஆகக் குறைத்தது. சுண்ணாம்புக்கல் தூசு அவ்வளவு கொடியதல்ல என்று சொல்வார்கள். கல்லில் படிகமணல் (சிலிக்கா) கலந்திருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது, அது கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கல்லில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே உடையுங்கள். தூசு பறக்காமல் அந்த இடத்திலேயே நனைந்து அடங்கும். மாஸ்க் போடுகிறவர்கள் தாடியை மழித்துவிட்டுப் போடவேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தால் தூசு போகும். கல் உடைக்கிற மெசினின் அதிர்வால் விரல் நுனி வெளிறி மரக்கிறதென்றால் அதைக் குளிர் என்று சொல்லிக் கடத்தாதீர்கள்.

கிணற்று வாயில் கல்லைக் குவிப்பது

ஆறடி தள்ளிக் கொட்டவும்.

கள்ளு

ஏறின பிறகு.

தலையிடிக்குப் பனடோல் போட்டுவிட்டுத் திரும்ப இறங்குவது

வெயில் என்பார்கள், காலமை சாப்பிடவில்லை என்பார்கள். மெசின் ஓடின கிணற்றுக்குள் நின்றவனுக்குத் தலையிடி, சத்தி, கால் சோர்வு என்றால் முதலில் புகையைத்தான் சந்தேகிக்கவேண்டும். ஒரே கிணற்றில் நின்ற இரண்டு பேருக்குச் சேர்ந்து தலையிடித்தால் சந்தேகத்துக்கும் இடமில்லை. 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டுகிற மானி 98 என்று காட்டும். அதைப் பார்த்து வீட்டுக்கு வெளிக்கிடவேண்டாம். காபனோரொட்சைட்டு பிடித்த இரத்தத்தையும் ஒட்சிசன் பிடித்த இரத்தத்தையும் அந்த மானிக்குப் பிரித்தறியத் தெரியாது. அதற்கு வேறு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. "மயங்கிப்போனார்" என்று மட்டும் சொல்லாமல், தண்ணி இறைக்கிற மெசின் கிணற்றுக்குள் ஓடினது, எவ்வளவு நேரம் ஓடினது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். வெளிக் காற்றில் இருந்தால் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். மாஸ்க் வழியாகத் தூய ஒட்சிசன் குடுத்தால் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். மயங்காமல் தலையிடியோடு மட்டும் நிற்கிற மற்ற ஆளையும் அதே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.