இதழுக்கு அனுப்பும் கட்டுரையில் ரெஃபரன்ஸ் போடுவது எப்படி? பெயரில் தொடங்குங்கள்

ஆய்வுக் கட்டுரையை முழுசாக எழுதி முடித்து, நாளை காலை ஆய்விதழுக்கு அனுப்பவேண்டும் என்ற நிலையில்தான் நம்மில் பலர் ரெஃபரன்ஸ் பக்கத்தையே, அதாவது மேற்கோள் காட்டிய நூல்கள், கட்டுரைகளின் பட்டியலையே, திறக்கிறோம். என் முதல் கட்டுரைக்கு நானும் அப்படித்தான் செய்தேன். நான்கே நாளில் திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் கைக்கே போகவில்லை, மேற்கோள்கள் எங்கள் இதழின் முறைப்படி இல்லை என்று ஒரே ஒரு வரி. பல மாத வேலை அந்த வரியில் நின்றுபோன வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்களோ அது கட்டுரை எழுதுபவர்களுக்குத் தரும் வழிகாட்டியை முதலில் படியுங்கள். அதில் 'ஏபிஏ' (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) என்று மட்டும் இருந்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2019-இல் வந்த ஏழாம் பதிப்பில், பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் தேவையில்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதிய கட்டுரை என்றால் கட்டுரைக்குள் முதல் தடவையே முதலாமவர் பெயரோடு 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') போட்டுவிடலாம். ஆனால் பட்டியலில் 20 ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயரும் வரவேண்டும். வழிகாட்டி சில சமயம் பழசாக இருக்கும். அதே இதழில் அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளை இறக்கி, அவற்றின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். முதல் சமர்ப்பிப்புக்கு எந்த முறையும் சரி, சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முறை மாறும்போது என்ன மாறுகிறது என்பதை ஒரு கட்டுரையை வைத்தே பார்க்கலாம். ராமன் விளைவை உலகுக்குச் சொன்ன 1928-ஆம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரை, ராமனும் கிருஷ்ணனும் எழுதியது. ஏபிஏ முறையில் அது இப்படி வரும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

இதில் இதழின் பெயரும் தொகுதி எண் 121-உம் சாய்வெழுத்தில் இருக்கவேண்டும், அடைப்புக்குள் இருக்கும் இதழ் எண் 3048 நேரெழுத்தில்தான் இருக்கவேண்டும். மருத்துவ இதழ்கள் கேட்கும் வான்கூவர் முறையில் இதே பெயர் 'ராமன் சிவி' என்று புள்ளியே இல்லாமல் சுருங்கும், ஆண்டு இதழ்ப் பெயருக்குப் பின்னால் போய் 1928;121(3048) என்று ஒட்டிக்கொள்ளும், பட்டியல் அகரவரிசையில் இல்லாமல் கட்டுரையில் வரும் வரிசையில் எண் வாங்கும். பொறியியல் இதழ்கள் கேட்கும் ஐ-ட்ரிப்பிள்-ஈ முறையில் இனிஷியல் முன்னால் வந்து 'சி. வி. ராமன்' ஆகிவிடும், ஆண்டு கடைசிக்குப் போகும். இத்தனை மாற்றத்தையும் கையால் செய்தால் பத்தாவது ரெஃபரன்ஸிலேயே தவறு வரும். ஜோட்டெரோ மாதிரி, ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைக்கும் ஒரு மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள், அது இலவசம்தான். முறையை மாற்றச் சொன்னால் கட்டுரை முழுக்க ஒரே சொடுக்கில் மாற்றிக் கொடுக்கும்.

ஆனால் மென்பொருளுக்கு நம் பெயர்கள் புரியாது. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஸ்ரீனிவாச ராமானுஜன் என்பதில் ஸ்ரீனிவாச என்பது அப்பா பெயர், சொந்தப் பெயர் கடைசியில் இருப்பதால் 'ராமானுஜன், எஸ்.' என்று சரியாகவே அமைந்துவிட்டது. இப்போது பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து, 'எம். கண்ணன்' என்பவர் 'கண்ணன் முருகேசன்' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'முருகேசன், கே.' என்று போட்டுவிடும். ஆய்வு செய்தவர் மகன், பட்டியலில் இருப்பது அப்பா! அவருடைய பழைய கட்டுரை 'கண்ணன், எம்.' என்று இருந்தால், ஒரே ஆள் இரண்டு பேராகி, மேற்கோள் எண்ணிக்கையும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அதனால் ஒரு தமிழ்ப் பெயரைச் சேர்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து, ஆசிரியர் தன் பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறார், அவரே தன் மற்றக் கட்டுரைகளை எப்படி மேற்கோள் காட்டுகிறார் என்று பாருங்கள், அவர் காட்டும் வழியே நமக்கும் வழி. ஜோட்டெரோவில் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயருக்கான கட்டத்திலும் இனிஷியலை முதல் பெயருக்கான கட்டத்திலும் போட்டால் போதும். உங்கள் பெயருக்கும் ஒரே வடிவத்தை இப்போதே முடிவுசெய்து, ஓர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) வாங்கி, எல்லாக் கட்டுரையிலும் அதையே கொடுங்கள்.

அடுத்து டிஓஐ, அதாவது ஒரு கட்டுரைக்கு இணையத்தில் தரப்படும் நிரந்தர அடையாள எண். கூகுள் ஸ்காலரில் இருந்து ரெஃபரன்ஸை அப்படியே எடுத்து ஒட்டினால் சில சமயம் இதழ் எண் விடுபடும், மாநாட்டுக் கட்டுரை இதழ்க் கட்டுரையாக மாறியிருக்கும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். ஒவ்வொரு டிஓஐயையும் ஒரு தடவை உலாவியில் திறந்து, தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸ் என்றால் இதைக் கட்டாயம் செய்யவேண்டும், ஏனென்றால் அது உண்மையான இதழ்ப் பெயரையும் நம்பும்படியான தலைப்பையும் சேர்த்து, இல்லாத கட்டுரையை உருவாக்கிக் கொடுத்துவிடக்கூடும். நீங்கள் கையில் எடுத்துப் படிக்காத எதையும் பட்டியலில் வைக்காதீர்கள். ஒருவர் சொன்னதை வேறொருவர் நூலில்தான் படித்தீர்கள் என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள், அதற்கும் பல முறைகளில் இடம் இருக்கிறது.

தமிழ் நூல்களை மேற்கோள் காட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணைவிடப் பாடல் எண்தான் உதவும். 'புறநானூறு 192' என்றால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் எடுத்துப் பார்த்துவிடலாம். பட்டியலில் மட்டும் நீங்கள் பயன்படுத்திய பதிப்பின் விவரம் வரட்டும், உ.வே.சா.வின் 1894 பதிப்பா, பிற்காலப் பதிப்பா என்பது பாடவேறுபாடு (ஒரே பாடலின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது) பேசும் இடத்தில் பெரிய வித்தியாசம். அப்புறம், சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சாகியிருக்கும், அதில் 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 2050 என்றிருந்தால் 2019.

அனுப்புவதற்கு முந்தைய நாள் பட்டியலைத் தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு பெயரையும் கட்டுரைக்குள் தேடி, கிடைத்ததும் பேனாவால் ஒரு டிக் போடுங்கள். டிக் விழாத பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்து பட்டியலில் இல்லாததைச் சேருங்கள். எல்லாம் சரியான பிறகு, கோப்பை இன்னொரு பெயரில் நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் கோப்புக்கும் ஜோட்டெரோவுக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்து அனுப்புங்கள். மூலக் கோப்பில் இணைப்பு அப்படியே இருக்கட்டும், திருத்தம் கேட்டு வரும்போது வேலை செய்யப் போவது அதில்தான்.