மனசில் வைத்துக்கொள்வதை ஸ்பானிஷில் சொல்ல

கோபத்துக்கான ஸ்பானிஷ் சொற்கள் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. கோபம் ஆறிய பிறகும் உள்ளே கிடப்பதைச் சொல்லத்தான் வெகுநாள் திணறினேன்.

முதலில் வன்மத்தைக் குறிக்கும் 'ரென்கோர்' என்ற சொல்லைப் பிடியுங்கள். முதல் எழுத்தில் நாக்கு நன்றாக உருள வேண்டும். ஊசிப்போனதைக் குறிக்கும் 'ரான்சியோ'வும் இதுவும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. எண்ணெய் சிக்கடித்த வாடையோடு சேர்த்துப் படித்தேன், அப்புறம் மறக்கவே இல்லை.

இதற்குரிய வினை 'குவார்தார்', அதாவது எடுத்து வைப்பது. நாம் 'மனசில் வைத்துக்கொண்டான்' என்கிறோமே, அதே வைத்தல்தான். 'நோ தெ குவார்தோ ரென்கோர்' என்றால் உன்மேல் எனக்கு வன்மம் இல்லை. இதை நாளுக்குப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'எஸ்தா தெ லா குவார்தோ' என்றால் கதையே வேறு: இதை மறக்க மாட்டேன், ஒருநாள் திருப்பித் தருவேன்!

'இருப்பது' என்பதற்கு ஸ்பானிஷில் 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள். ஆளின் குணம் என்றால் 'செர்': 'எஸ் ரென்கோரோசோ', அவன் வன்மம் வைப்பவன். இப்போதைய மனநிலை என்றால் 'எஸ்தார்': 'எஸ்தா ரெசென்திதா கொன்மீகோ', அவளுக்கு என்மேல் மனத்தாங்கல். இந்த இரண்டையும் குழப்பினால் ஒருநாள் வருத்தம் ஒருவரின் சுபாவமாகிவிடும். ஆகவே பட்டியலாகப் படிக்காதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே மனத்தாங்கல் உள்ள ஒருவரை நினைத்து நான்கு வரி எழுதுங்கள். எனக்குச் சொற்கள் ஒட்டியது அப்படித்தான்.

சமாதானமானால், கைகுலுக்கி 'சின் ரென்கோரெஸ்', அதாவது மனசில் வன்மம் எதுவும் இல்லை என்று சொல்லலாம்.