சுகர், தைராய்டு, பதட்டம்: வெளிவேலைக்குக் கிளம்பும் நாளில் செய்யக் கூடாத தவறுகள்

எனக்குச் சுகர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தைராய்டு அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. பதட்டம் எப்போது வந்தது என்று தேதி சொல்ல முடியாது, அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. இந்த மூன்றையும் கூடவே கூட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, திருச்சி தில்லைநகர் லேபில் சோதனைக்கு ரத்தம் கொடுத்து, பேங்க் போய், மருந்து வாங்கி, சத்திரம் பஸ் நிலையம் பக்கம் காய்கறியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டிய நாட்கள் மாதத்தில் ஒன்றிரண்டு வந்துவிடும். அந்த நாட்களில் நானே செய்து அனுபவித்த தவறுகளையும், லேப் வாசலில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் செய்ய நான் பார்த்ததையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

எல்லாவற்றுக்கும் பெரிய தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். படபடவென்று வந்தால் உடனே "எனக்குப் பதட்டம் வந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது.

ஒரு நாள் பேங்கில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் சுகர் மாத்திரை போட்டிருந்தேன், இரண்டே இட்லி சாப்பிட்டிருந்தேன், மணி ஒன்றைத் தொட்டுவிட்டது. கை நடுங்கியது, பின்கழுத்து வேர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. கூட்டத்தில் எனக்கு வழக்கமாக வருவதுதானே என்று கண்ணை மூடி, சொல்லிக் கொடுத்தபடி மூச்சை எண்ணி எண்ணி விட்டேன். பத்து நிமிடம் ஆகியும் குறையவில்லை, எதிரில் போர்டில் ஓடிய எண்கள் மங்கலாகத் தெரிந்தபோதுதான் பையில் குளுக்கோமீட்டர் இருப்பது ஞாபகம் வந்தது. 58 காட்டியது. மூச்சுப் பயிற்சியால் சுகர் ஏறாது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன என்றால், இரண்டிலும் வேலை செய்வது அட்ரினலின். பயம் வந்தாலும் அது சுரக்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் உடம்பு அதைத்தான் அவசரமாக இறக்கிவிடும். அதனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல வரும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உள்ளுணர்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, அல்லது அரை டம்ளர் ஜூஸோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு சாப்பாடு. மீட்டர் கையில் இல்லையா, சுகர் இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு முதலில் சர்க்கரையைப் போடுங்கள், அது பதட்டமாகவே இருந்திருந்தாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையால் பெரிய கேடு வராது. இந்த நேரத்தில் சாக்லேட்டையும் க்ரீம் பிஸ்கட்டையும் நம்ப வேண்டாம், கொழுப்பு சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்துக்குப் போகும்.

சுகர் இருக்கிற எல்லாருக்கும் இப்படி இறங்கிவிடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும்தான் முக்கியமாக இந்த ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபூர்வம். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி என்ன மருந்து என்று ஒரு தடவை படித்துவிடுங்கள், ஏனென்றால் பலருக்கு "காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு" என்பதைத் தாண்டித் தெரியாது, அதில் இரண்டு மருந்து சேர்ந்து ஒரே மாத்திரையாக இருக்கும். இன்னொன்று, பதட்டத்துக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கிவிடும், சுகர் இறங்கினாலும் அந்த எச்சரிக்கை மணி சரியாக அடிக்காது. வேர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வேர்த்தால் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூட இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ ஜூஸோ ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சு அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சு வாங்குவது, இதையெல்லாம் பதட்டத்தின் கணக்கிலும் எழுதக் கூடாது, சுகரின் கணக்கிலும் எழுதக் கூடாது. அப்போதும் 108-தான். சுகர் இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம்.

சரி, அன்றைக்கு ஒரு மணி வரை நான் ஏன் சாப்பிடாமல் இருந்தேன்? "வந்ததுதான் வந்தோம், அதையும் முடித்துவிட்டுப் போய்விடுவோம்" என்ற நினைப்பினால்தான். நம் ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லாமல் யாரும் வெளியில் போய் வந்ததில்லை. பேங்குக்கு வந்தோம், பக்கத்தில்தானே தையல்கடை. தையல்கடைக்கு வந்தோம், மிக்ஸி ஜாரையும் சரி செய்யக் கொடுத்துவிடலாம். நல்ல உடம்புக்கு இது கெட்டிக்காரத்தனமாக இருக்கலாம், மாத்திரை போட்ட வயிற்றுக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் மாத்திரை விழுங்கிய நிமிடத்திலிருந்து அதற்கு ஒரு நேரம் ஓடுகிறது, டோக்கன் நம்பர் எப்போது வரும் என்று அது காத்திருக்காது. இப்போதெல்லாம் நான் சாப்பிடுகிற நேரத்தை முதலில் தாளில் எழுதிவிட்டு, வேலைகளை அதைச் சுற்றி வைக்கிறேன். காலைச் சாப்பாடு எட்டரை, இடையில் சுண்டலோ கொய்யாவோ பதினொன்று, மதியம் ஒன்று. இதற்கு நடுவில் அடங்குகிற வேலைதான் அன்றைய வேலை, அது இரண்டாக இருந்தாலும் சரி. கரண்ட் பில் மாதிரி போனிலேயே கட்ட முடிகிறதை எல்லாம் அந்தத் தாளிலிருந்தே அடித்துவிடுங்கள்.

ரத்தம் கொடுக்கிற நாளின் தவறுகள் தனி ரகம். வெறும் வயிற்றுச் சோதனைக்கு 8 மணி நேரம் போதும் (கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் 10, 12 மணி நேரம் என்று சொல்வார்கள்). ஆனால் முந்தின நாள் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு நிதானமாக வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பதினைந்து மணி நேரப் பட்டினி. சிலர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள், வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்தால்தான் நரம்பும் எளிதாகக் கிடைக்கும். இதைவிட ஆபத்து, மறதியில் சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு லேபுக்குக் கிளம்புவது. ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிடும்போது போட்டுக்கொள்வதுதான் வழக்கம், உங்கள் விஷயத்தில் எப்படி என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனை. இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து தொடங்குகிறது, கை கழுவிய பிறகு இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் "சும்மாதானே இருக்கிறோம்" என்று கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் நடையில் சர்க்கரை எரிந்து எண் குறைவாக வரும், பார்த்து சந்தோஷப்படுவோம், அது உண்மையான எண் இல்லை. ஒரு இடத்தில் உட்காருங்கள், புத்தகம் எடுத்துப் போங்கள். பட்டினி கிடந்தாலே பதட்டம் கூடுகிறது என்கிறவர்கள் எச்பிஏ1சி பற்றி டாக்டரிடம் பேசிப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அந்தச் சோதனைக்குப் பட்டினி தேவையில்லை.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது இன்னொரு பழைய பழக்கம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு சோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும். என் அக்காவுக்கு அப்படி ஒரு தவறான ரிசல்ட் வந்து, வீடே ஒரு வாரம் கலங்கிப் போனது.

பி.பி. பார்க்கிறவர்கள் மாடி ஏறிய மூச்சோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, சிறுநீர் கழித்துவிட்டு, பேசாமல் இருந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே பி.பி. ஏறுகிறவர்கள் வீட்டில் எடுத்த எண்களை எழுதிக்கொண்டு போய்க் காட்டலாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. வெளியில் போனால் பாத்ரூம் கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறோம். நான் இருபது வருடம் அப்படித்தான் இருந்தேன், என் அம்மாவும் அப்படித்தான். சுகரோடு இதைச் செய்தால் சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் எல்லாம் வரிசையில் வரும். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சர்க்கரையே சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது, கூடவே தண்ணீரும் போகிறது, அவர்கள் நாவறண்டு கிடக்கவே கூடாது. இதில் தலைசுற்றல் வந்ததும் பதட்டமும் சேர்ந்துகொள்ளும். போகிற வழியில் எங்கெல்லாம் சுத்தமான பாத்ரூம் உண்டு என்று மனதில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, சாப்பிடப் போகும் ஓட்டல். கேட்பதில் வெட்கமே வேண்டாம், கேட்டு யாரும் என்னைத் திட்டியதில்லை.

இன்சுலின் பேனாவை வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அது அடுப்பு. பயன்பாட்டில் இருக்கும் பேனாவுக்கு ஃபிரிட்ஜ் தேவையில்லை, ஆனால் சூடு ஆகாது, ஐஸ் மேலேயும் நேராகப் படக் கூடாது. காலும் அப்படித்தான். போகிற வழியில் கோயிலுக்குள் ஒரு எட்டுப் போய் வரலாம் என்று நடுமதியத்தில் கல்தரையில் வெறுங்காலோடு நடந்து, சுடுவதே தெரியாமல் கொப்புளத்தோடு வீடு வந்தவர்கள் உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலையிலோ சாயங்காலமோ போய் சேவியுங்கள், பெருமாள் எங்கும் போய்விட மாட்டார்.

மருந்துக்கடையில் நான் கண்ட தவறு, கடைசி மாத்திரை வரை விட்டுவைப்பது. பதட்டத்துக்கான மாத்திரைகளில் அல்பிரசோலம், டயசெபம் போன்றவை ஹெச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, 2014 மார்ச்சிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். "சீட்டு இருந்தாத்தான் தருவேன்க்கா" என்று ஒரு பையன் சொன்னபோது நாலு பேர் முன்னால் எனக்கு முகம் சுருங்கிப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் தூக்கம் கெட்டுக் கிடந்தேன். அவன் சரியாகத்தான் செய்தான். தினமும் சாப்பிடுகிற இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே சீட்டோடு போய்விடுங்கள். அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற பக்கமாகக் கேளுங்கள். கம்பெனி மாறினால் பரவாயில்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள், தைராய்டு மாத்திரையில் 25-க்கும் 50-க்கும் நிறைய வித்தியாசம். காசு கட்டுப்படியாகாதவர்கள் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலோ கேட்டுப் பார்க்கலாம்.

பதட்டத்துக்காகச் செய்கிற தவறுகள் இரண்டு திசையிலும் உண்டு. ஒன்று, எல்லா வேலையையும் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவது. அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த மாதம் அதே பேங்க் வாசல் இன்னும் உயரமாகத் தெரியும். வரிசையில் நிற்கும்போது பதட்டம் உச்சத்துக்கு ஏறுகிற நேரத்திலேயே ஓடி வந்துவிட்டாலும் அப்படித்தான். சுகர் எண் சரியாக இருக்கிறது, இது பதட்டம்தான் என்று தெரிந்துவிட்டால், முடிந்தால் அங்கேயே இருங்கள், சுவரோரம் உட்காருங்கள், அது ஏறி, நின்று, இறங்கும். இரண்டாவது திசை, கூட வருகிறவரிடம் ஒன்றுமே சொல்லாமல் சமாளிப்பது. என் மகளிடம் நான் சொன்னது அந்த 58-க்குப் பிறகுதான். இப்போது எனக்கு என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதிய சின்ன அட்டை பர்ஸில் பணத்துக்கு முன்னால் இருக்கிறது. பேச யாருமில்லை என்கிறவர்கள் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் இலவசம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

வீடு வந்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. அலைந்த களைப்பில் மதிய மாத்திரை விட்டுப்போனது ராத்திரிதான் ஞாபகம் வரும், உடனே இரண்டாகச் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். சேர்த்துப் போடாதீர்கள், முக்கியமாகச் சுகர் மாத்திரையை. டாக்டருக்கோ மருந்துக்கடைக்கோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அன்றைக்கு நிறைய நடந்திருந்தால் படுக்கும் முன் ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்கள், நடந்ததன் பலனாகச் சுகர் தூக்கத்திலும் இறங்கலாம். மீட்டரையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் பையிலிருந்து எடுத்து அன்றைக்குத் தலைமாட்டில் வையுங்கள்.