புது ரைஃபிளில் ஹெட்ஸ்பேஸ் பார்க்கும்போது செய்யக் கூடாதவை

போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் மூடும் உலோகத் தண்டு) பூட்டிய நிலையில், அதன் முகத்துக்கும் சேம்பருக்குள் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டர் மாதிரியான தோட்டா, கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் முட்டி நிற்கும். இதைச் சோதிக்கத் தோட்டாவுக்குப் பதில் சேம்பருக்குள் வைக்கும் அளவுக் கட்டைதான் கேஜ். .308-க்கான கோ கேஜ் (குறைந்த அளவு) 1.630 அங்குலம், நோ-கோ (மீறக் கூடாத அளவு) 1.634. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான். கோ கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோ மேல் மூடக் கூடாது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கையால் உணர வேண்டியிருப்பதால், பெரும்பாலான தவறுகளும் கையில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, பலம் போடுவது. போல்ட் கைப்பிடி நல்ல நெம்புகோல். லக்குகளின் (போல்ட்டைப் பூட்டும் பற்கள்) சரிவும் சேர்ந்துகொண்டால், மூடக் கூடாத கேஜ் மேலும் அழுத்தி மூடிவிடலாம். கேஜும் சேம்பரின் தோளும் அடிபடுவதுதான் மிச்சம். இரண்டே விரலால், கைப்பிடியின் எடையோடு இறக்கிப் பாருங்கள். தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு முன் ஃபைரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி), எஜெக்டர் (வெற்றுக் கேஸை வெளியே தள்ளுவது), எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) மூன்றையும் கழற்றிவிட வேண்டும். எஜெக்டர் ஸ்பிரிங் கொடுக்கும் எதிர்ப்பைக் கேஜின் எதிர்ப்பு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஏஆர்-15 போன்ற ஏஆர் வகை ரைஃபிளில் போல்ட்டை ஸ்பிரிங் வேகத்தில் விட்டு கேஜ் மேல் மோத விடுவது இதைவிட மோசம்.

அடுத்தது அழுக்கு. ரீமர் (சேம்பரைக் குடையும் வெட்டுக்கருவி) விட்டுப்போன ஒரு உலோகத் துகள், லக் பின்னால் ஒட்டிய கிரீஸ், இவை போதும் கோ கேஜைத் தடுக்க. 'சேம்பர் ஆழம் போதவில்லை' என்று மறுபடி ரீமர் போட்டால், துகள் போனபின் சேம்பர் அளவுக்கு மீறி ஆழமாகியிருக்கும். துடைத்துவிட்டு அளவெடுங்கள், கேஜையும் சேர்த்துத் துடையுங்கள்.

கோ மூடிவிட்டது, முடிந்தது என்று எழுந்துவிடுவதும் உண்டு. சேம்பர் குட்டையில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. இடைவெளி கூடுதலா என்று சொல்வது நோ-கோ. நோ-கோ இல்லாமல், அதைவிட நீளமான ஃபீல்ட் கேஜை மட்டும் வைத்துப் புது ரைஃபிளுக்குச் சான்று தராதீர்கள், ஃபீல்ட் கேஜ் தேய்ந்த துப்பாக்கிக்கானது. கேஜுக்குப் பதில் நிஜத் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது ஆபத்து மட்டுமல்ல, பயனும் இல்லை. தோட்டாவின் நீளம் ஆலைக்கு ஆலை மாறும்.

பேரல் நட்டை (பேரலை ரைஃபிளோடு பிணைக்கும் நட்) முழுதாக இறுக்குவதற்கு முன் எடுத்த அளவு செல்லாது. இறுக்கும்போது பேரல் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். போல்ட்டை மாற்றினாலும் அப்படித்தான். 'ஒரே கம்பெனிதானே' என்பது அளவு ஆகாது.

ஹெட்ஸ்பேஸ் கூடினால் என்ன ஆகும்? ஃபைரிங் பின் தோட்டாவை முன்னால் தள்ளும். வெடிக்கும்போது பித்தளைக் கேஸின் மெல்லிய முன்சுவர் சேம்பரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் பின்னால் இழுபடும். அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, கடைசியில் பிய்ந்துபோகும். சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

கேஜ் இரண்டும் சரியென்றாலும் முதல் சில வெற்றுக் கேஸ்களைப் பாருங்கள். அடிக்கு மேலே பளபளப்பான வளையம் தெரிந்தாலோ, பிரைமர் (கேஸின் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) வெளியே துருத்தியிருந்தாலோ மேற்கொண்டு சுடாதீர்கள். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுத்தால், மெலிந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும்.