விரதம் முடிந்தும் உண்ணத் தயங்கும் பிள்ளை: உண்ணல் கோளாற்றின் காரணங்களை அறியும் வழி

கொழும்பில் நம் வீடுகளில் பிள்ளையொன்று சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினால், தாயின் செல்லம், கைத்தொலைபேசி, பிடிவாதம் என்று பழியைச் சுமத்த ஓரிடம் தேடுவதே பெரும்பாலும் முதலில் நடக்கிறது. அந்தத் தேடலை நிறுத்திவிட்டு, இந்த உண்ணல் கோளாறு என்ற நோயைத் தொடக்கியது எது, அதை இன்னும் நீடிக்கச் செய்வது எது என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் விடை ஒன்றாக இருப்பது அரிது.

எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பது அனொரெக்சியா. அடக்க முடியாமல் அளவுகடந்து உண்டு, பின்னர் வாந்தி முதலியவற்றால் அதை ஈடுசெய்ய முயல்வது புலிமியா. ஈடுசெய்யாமல் அவ்வாறு உண்பதும் தனியொரு கோளாறே. பின்னைய இரண்டிலும் உடல் மெலியாமலே இருக்கலாம் என்பதால், "ஆள் நல்லாத்தானே இருக்கிறாள்" என்று அமைதி அடைய வேண்டாம். ஆண்பிள்ளைகளுக்கும் இவை வருகின்றன.

நம்மிடையே இந்நோய் விரதத்துக்குள் எளிதாக மறைந்துகொள்ளும். கந்தசஷ்டி விரதம் இருப்பவர் பாரணையை ஆவலோடு எதிர்பார்த்திருப்பார். நோயுற்ற பிள்ளைக்கோ பாரணை வேளையே அச்சம் தரும். எத்தனை நாள் உண்ணவில்லை என்று எண்ணுவதைவிட, விரதம் முடிந்த அன்று பிள்ளையின் முகத்தைக் கவனிப்பது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

தொடக்கத்துக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. அனொரெக்சியாவில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, அந்நோயோடு தொடர்புடைய மரபணுக் கூறுகளுக்கு மனநோய்களோடு மட்டுமன்றி உணவை உடல் சக்தியாக மாற்றிப் பயன்படுத்தும் வளர்சிதைமாற்றத்தோடும் உறவு இருப்பதைக் காட்டியது. அத்தகைய இயல்போடு பிறந்து, எதையும் பிழையின்றிச் செய்யத் துடிக்கும் பிள்ளைக்கு, பூப்பெய்தும் பருவமும் உயர்தரப் பரீட்சையும் அரங்கேற்றமும் நெருங்கும் வேளையில், வெள்ளவத்தைத் திருமண மண்டபமொன்றில் பெரியம்மா அன்போடுதான் கேட்கும் "என்ன பிள்ளை, இப்பிடிக் கொழுத்துப் போனாய்?" என்ற ஒரு கேள்வி போதுமானதாகிவிடலாம். பிள்ளைகளின் உடம்பைப் பற்றிய பேச்சை, அது புகழ்ச்சியாக இருந்தாலும், வீட்டில் இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீடிக்கச் செய்வதில் முதன்மையானது பட்டினியேதான். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில், உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் உணவு பாதியளவாகக் குறைக்கப்பட்டபோது, அவர்கள் சமையல் நூல்களில் மூழ்கினர், உணவை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தனர், மனம் சோர்ந்து நண்பர்களை விட்டு விலகினர். ஆகவே, தான் உண்ணாமல் வீட்டார் எல்லோருக்கும் ஆர்வத்தோடு சமைத்துப் பரிமாறும் மகளிடம் நீங்கள் காண்பது கள்ளத்தனம் அன்று. பசித்த மூளையின் வேலை அது. நோய்க்குள் இருப்பவரிடம் "மனம் வைத்தால் சாப்பிடலாம்" என்று சொல்வது இதனாலேயே பயனற்றுப் போகிறது.

சாப்பாட்டு மேசையில் வாதிடாமல், அமைதியான வேறொரு நேரத்தில் பேசுங்கள். "எனக்குப் பயமாக் கிடக்கு ராசாத்தி, நாளைக்கு டொக்டரிட்டப் போவம்" என்பது போதும். போகுமுன், எப்போது தொடங்கியது, எந்த வேளை உணவு தவறுகிறது, மாதவிடாய் நின்றதா, தலைசுற்றல், குளிர், வாந்தி உண்டா என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இதயத் துடிப்பு பிறழலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் தேவையா என்று நீங்களே கேளுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் நாளைவரை காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவதும் ஆபத்தானது. எவ்வளவில் தொடங்குவது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வளரிளம் பிள்ளைகளின் அனொரெக்சியாவுக்கு, வைத்தியரின் வழிகாட்டலோடு பெற்றோரே ஒவ்வொரு வேளை உணவையும் பொறுப்பேற்று அருகிலிருந்து உண்ணச் செய்யும் குடும்பவழிச் சிகிச்சை பல நாடுகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவதால், அது உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதையும் அந்தத் தாளின் கடைசி வரியில் எழுதிக்கொண்டு போங்கள்.