பைத்தான்: வரி எண்ணிக்கை இடிக்கிறதா?

ஒரே கோப்பை இரண்டு விதமாகப் படித்தால் வரிகளின் எண்ணிக்கை மாறுகிறதா? உள்ளே ஒளிந்திருக்கும் கட்டுப்பாட்டு எழுத்துகளைச் சந்தேகியுங்கள்.

கோப்பை நேரடியாக ஃபார் லூப்பில் ஓட்டினால் 10, 13 ஆகிய குறியெண் கொண்ட எழுத்துகளில் மட்டுமே வரி முறியும். மொத்தமாக ரீட் செய்து ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டாலோ 11, 12, 28, 29, 30, 133 என்று பல இடங்களில் வெட்டிவிடும். நூலகங்கள் நூல் விவரங்களைச் சேமிக்கும் மார்க் (MARC) பதிவுகளில் 29 பதிவின் முடிவு, 30 புலத்தின் முடிவு, 31 துணைப்புலக் குறி. அங்கே இது பெரிய வம்பு. போதாக்குறைக்கு, வெறும் ஸ்ட்ரிப்கூட ஓரத்தில் இருக்கும் 31ஐ இடைவெளி என்று எண்ணித் துடைத்துவிடும்!

வரிதான் வேண்டுமென்றால் ஸ்ப்ளிட்டுக்குள் பேக்ஸ்லாஷ்-என் (அதாவது 10) கொடுங்கள். கடைசியில் வெற்று வரி ஒன்று ஒட்டிக்கொண்டு வரலாம், தள்ளிவிடுங்கள். மார்க் கோப்பு என்றால் பைனரி முறையில் திறந்து 29இல் பிரிப்பதே நல்லது.