மலைப்பாதை டிரையத்லான்: ரோடு பைக்கா, டிரை பைக்கா?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்குச் சைக்கிள் பாதையின் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பார்த்தே பலரும் பைக்கை முடிவு செய்கிறார்கள். அந்த எண் பாதிக் கதைதான். 2,000 மீட்டர் ஏற்றம் 3% சரிவாக 67 கி.மீ. தூரத்துக்குப் பரவியிருக்கலாம், 8% சரிவாக 25 கி.மீ.க்குள் குவிந்தும் இருக்கலாம். முதல் பாதையில் டிரை பைக் (முன்னே நீளும் ஏரோபார் கம்பிகளில் முன்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் சைக்கிள்) நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவதில் வளைந்த ஹேண்டில்பார் கொண்ட ரோடு பைக்கே மேல். இரண்டையும் பிரிப்பது வேகம்: வேகம் குறைந்தால் காற்றுத்தடை குறையும், குனிவதன் லாபமும் குறையும். மணிக்கு 20 கி.மீ.க்குக் கீழே எவ்வளவு நேரம் மிதிக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஓட்டுபவரும் பைக்குமாகச் சேர்ந்து 80 கிலோ, மிதிப்பது 200 வாட் என்று வைத்துக் கணக்குப் போடலாம். சமதளத்தில் ரோடு பைக்கின் பிரேக் பிடிகளில் கை வைத்து ஓட்டினால் மணிக்கு 33 கி.மீ. வரும். டிரை பைக்கில் நன்றாகக் குனிந்து படுத்தால் 36. 40 கி.மீ.க்கு இது ஏறக்குறைய 6 நிமிட லாபம். 3% ஏற்றத்தில் வேகம் 20க்கு இறங்கினாலும் 10 கி.மீ.க்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மிஞ்சும். 6% ஏற்றத்தில் வேகம் 13தான். அங்கே 10 கி.மீ. முழுக்கக் குனிந்தே ஏறினாலும் 40 விநாடிதான் கிடைக்கும். ஒரு கிலோ கூடுதல் எடை அதே ஏற்றத்தில் அரை நிமிடத்தைத் தின்றுவிடும். டிரை பைக் வழக்கமாக ஒன்று, ஒன்றரை கிலோ கூடுதலாக இருக்கும் என்பதால் கணக்கு அங்கே நேராகிவிடுகிறது.

ஆகவே பாதையின் தூரமும் உயரமும் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பை இறக்கி, 5%க்கு மேலான ஏற்றங்களைத் தனியே குறியுங்கள். அவற்றுக்கு ஆகும் நேரத்தைக் கூட்டுங்கள். தூரத்தைக் கூட்டினால் ஏமாந்துபோவீர்கள். 10 கி.மீ. ஏற்றம் முக்கால் மணி நேரம் எடுக்கும், அதே தூர இறக்கம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து, வளைவுகள் நெருங்கிய இறக்கங்களின் நேரத்தையும் சேருங்கள். அங்கேயும் ஏரோபாரில் படுக்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்து பாதி நேரத்தைத் தாண்டினால் ரோடு பைக்கை எடுங்கள்.

தொழில்முறை வீரர்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 2023இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் அயர்ன்மேன் (நெடுந்தூர டிரையத்லான்) உலக சாம்பியன்ஷிப் பாதையில் சுமார் 2,400 மீட்டர் ஏற்றம் இருந்தது. வென்ற சாம் லெய்ட்லோ ஓட்டியது டிரை பைக். 320 வாட் மிதிப்பவர் 6% சரிவிலும் மணிக்கு 19 கி.மீ. போவார், அந்த வேகத்தில் காற்றுத்தடை இன்னும் கணக்கில் வரும். 200 வாட்காரருக்கு அதே மலை வேறு மலை.

பலர் தடுக்கி விழுவது கியரில். பிரான்ஸின் ஆல்ப் டுவெஸ் மலை ஏற்றம் 13.8 கி.மீ., சராசரி 8.1%, 21 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சொன்ன 200 வாட் ஓட்டுநர் அதில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில்தான் ஏறுவார். பழைய டிரை பைக்குகளில் காணும் 39 பல் செயின்ரிங்கும் (மிதிப் பக்கப் பல்சக்கரம்) 28 பல் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் மிதி நிமிடத்துக்கு 57 சுற்று. முழங்கால் கெஞ்சும், பிறகு ஓட வேண்டிய தொடையும் வீணாகும். 34க்கு 34 போட்டால் அதே வேகத்தில் 80 சுற்று. ஆனால் கேசட்டை மட்டும் மாற்றினால் போதாது. செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் பின் டிரெய்லியர் 34 பல்லைத் தாங்கும் நீளக் கூண்டு வகையா என்று பாருங்கள். செயினையும் பெரிய பல்லுக்குப் பெரிய பல் என்ற நிலையில் வைத்து அளந்து போடுங்கள். குட்டையாக இருந்தால் அந்தக் கியருக்கு மாற்றும் கணத்தில் டிரெய்லியர் பிய்ந்துவிடும்.

டிரை பைக்கில் சேடில் (இருக்கை) முன்தள்ளி இருப்பதால் ஏற முடியாது என்பார்கள். இது பாதி வதந்தி. 8% சரிவு பைக்கையே நாலரை டிகிரி பின்னோக்கிச் சாய்க்கிறது; சேடிலைத் தாங்கும் குழாயின் 78 டிகிரி கோணம் அங்கே ரோடு பைக்கின் 73 போலவே உணரும். உண்மையான தொல்லை கியர் மாற்றும் ஷிஃப்டரில். மெக்கானிக்கல் வகையில் அது ஏரோபாரின் நுனியில் மட்டும் இருக்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் மாற்ற ஒரு கையை எடுக்க வேண்டும். பிரேக் பக்கத்திலும் பொத்தான் உள்ள எலக்ட்ரானிக் ஷிஃப்டர் இல்லையென்றால், செங்குத்துப் பாதைக்கு டிரை பைக் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கறார். ஏரோபாரில் பிரேக் கிடையாது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கையை மாற்ற ஒரு விநாடி ஆனால் 16 மீட்டர் கடந்திருப்பீர்கள். வளைவு கண்ணில் படும் முன்பே கையை பிரேக்குக்குக் கொண்டுவாருங்கள், நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறையுங்கள், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். கார்பன் ரிம்மில் (சக்கர விளிம்பு) அந்த விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் சூட்டில் டியூப் வெடிக்கும். 80 மி.மீ. ஆழ ரிம் உள்ள முன்சக்கரத்தைப் பக்கக்காற்று திருப்பிவிடும். முன்னால் 40 முதல் 50 மி.மீ. போதும்.

பெரும்பாலோருக்கு நடுவழி ஒன்று பொருந்தும்: ரோடு பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டும் கிளிப்-ஆன் ஏரோபார். அரைக்கிலோ எடைதான், சமதள லாபத்தில் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். மேலே சொன்ன 40 கி.மீ.யில் 4 நிமிடம். மாட்டிவிட்டு அப்படியே ஓட்டினால்தான் சிக்கல். சேடில் பின்னால் இருப்பதால் தொடை வயிற்றில் முட்டும், உடல் சேடிலின் மூக்குக்கு வழுக்கும். சேடிலை 2 முதல் 3 செ.மீ. முன்னே தள்ளுங்கள், சேடிலுக்கு அடியிலுள்ள ரெயிலில் குறித்த எல்லையைத் தாண்ட வேண்டாம். 3 செ.மீ. தள்ளினால் 9 மி.மீ. உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கால் நீளாது. கை எட்டவில்லையென்றால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் நீளத்தை ஒன்றிரண்டு செ.மீ. குறையுங்கள். கார்பன் ஹேண்டில்பார் என்றால் கிளிப்-ஆனை அனுமதிக்கிறதா என்று தயாரிப்பாளர் குறிப்பில் பார்த்துவிட்டு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால், ஹேண்டில்பாரில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். இந்த மாற்றத்தைப் பந்தய வாரத்தில் செய்யாதீர்கள். புதிய இடுப்புக் கோணத்துக்குத் தசை பழக ஆறு வாரமாவது கொடுங்கள்.

பணம் கட்டும் முன் விதியையும் ஒருமுறை படியுங்கள். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் டிராஃப்டிங் பந்தயங்களில் டிரை பைக்குக்கு இடமில்லை, வளைந்த ரோடு ஹேண்டில்பார்தான் செல்லும்.